முப்பத்தெட்டு மீட்டர்

கடலூர் பெரியாஸ்பத்திரி, முதல் மாடி வராந்தா.
இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள்.
நடுவே முப்பது மீட்டர் சிமெண்டுத் தரை,
மூன்று மீட்டருக்கு ஒரு நீல நாடா.

"அஞ்சலாட்சியம்மா, ஆறு நிமிஷம்.
முடிஞ்ச வரைக்கும் நடங்க.
நிக்கணும்னா நில்லுங்க, சுவத்துல சாஞ்சுக்கங்க.
ஆனா கடிகாரம் நிக்காது."
பெர்னதெத் இதைக் காகிதம் பார்க்காமல் சொல்வாள்.
விரலைக் கவ்விய சிறு பெட்டியில்
என் ரத்தத்தின் காற்று தொண்ணூற்றிரண்டு.

எனக்கு முன்னால் நடந்த சிப்காட் வாட்ச்மேன்
முந்நூற்றுப் பத்து.
பரீட்சை மார்க் மாதிரி
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனார்,
லிப்டில்.

பத்தொன்பது வருஷம் காடாம்புலியூரில்
முந்திரிக்கொட்டை வறுக்கும் பீப்பாயைச் சுற்றினேன்.
எண்ணெய் தெறித்த இடமெல்லாம் கையில் கறுப்பு.
புகை போன இடத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை
போன மாசியில் படமெடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டும் வரை.
"பீடி உண்டா?" என்றார் டாக்டர்.
இல்லை.
பீப்பாய் குடித்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

பெர்னதெத் கூடவே நடக்கமாட்டாள். விதியாம்.
நடந்தால் அவள் வேகம் எனக்குத் தொற்றிவிடுமாம்.
நிமிஷத்துக்கு ஒரு வாக்கியம், ஒரே குரலில்:
"நல்லா நடக்கிறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."
மாமியார் வீட்டில் முப்பது வருஷம்.
நீ நல்லா நடக்கிறாய் என்று
ஒருவர் சொன்னதில்லை.

நாலாவது திருப்பத்தில் நின்றுவிட்டேன்.
கைகள் முட்டியில்.
தரையில் ஓர் எறும்பு நீல நாடாவைத் தாண்டிப் போனது.
கடிகாரம் சொன்ன சொல் தவறவில்லை.
இருநூற்றுப் பதினாறு.

"மூச்சுத் திணறல் எத்தனை?
பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."
பத்து எதுவென்று எனக்குத் தெரியும்:
பீப்பாய்க்குள் தீப்பிடித்த வைகாசி மத்தியானம்.
அதை வைத்துப் பார்த்து
"ஏழு" என்றேன்.

பிறகு எட்டு வாரம், செவ்வாயும் வெள்ளியும்.
மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் கைக்கொன்று.
ஏறி இறங்க ஒரு மரப்பலகை.
உதட்டைக் குவித்து ஊதப் பழக்கினாள்:
"மெழுகுவத்தி அணையக் கூடாது, சுடர் மட்டும் சாயணும்."
கரண்டு போன ராத்திரி வீட்டில் செய்து பார்த்தேன்.
தனவேலு எட்டிப் பார்த்து
"அணைக்கவும் தெம்பில்லையா?" என்றார்.
அணைக்காமல் ஊதத்தான் தெம்பு வேண்டும் என்பது
நீளமான வாக்கியம். சொல்லவில்லை.
இப்போதெல்லாம்
பேச்சையும் மீட்டரில்தான் அளக்கிறேன்.

இன்று மறுபடி கூம்புகள்.
நிற்கவில்லை.
இருநூற்று ஐம்பத்துநாலு.
குழாயில் ஊதிய கணக்கு மட்டும் அப்படியே இருந்தது.
டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
"நுரையீரல் அதேதாம்மா. காலுதான் கத்துக்கிச்சு" என்றார்.

முப்பத்தெட்டு மீட்டர்.
என் வாசலிலிருந்து தெருக்குழாய் இருபத்திரண்டு,
பெர்னதெத் தந்த நூலால் அளந்திருக்கிறேன்.
மீதி பதினாறை எதற்குச் செலவழிப்பது என்று
செம்மண்டலத்தில் யோசித்து நின்றேன்.
பண்ருட்டி வண்டி
வழக்கம்போல் நிறுத்தம் தாண்டிப் போய் நின்றது.
ஓடவில்லை. உதட்டைக் குவித்தபடி நடந்தேன்.
கண்டக்டர் விசிலை வாயில் வைத்து
ஊதாமல் இருந்தார்.
எனக்காக ஒரு மனுஷர்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஏறினேன். கம்பியைப் பிடித்து
இரைக்க இரைக்க நிற்கையில்
"எத்தனைம்மா?" என்றார்.
பழக்க தோஷம். "நாலு" என்றேன்.
நாலு சீட்டு கிழித்துவிட்டார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்,
சிரிப்பு முந்திக்கொண்டது.
சிரித்ததில் ஆறானது.
நெல்லிக்குப்பம் தாண்டித்தான்
நாலுக்குத் திரும்பியது.